வலிக்கு மூன்று வாரம் முன்பே

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி தாண்டி 4 நாள் ஆகியிருந்தது. இரவு 10 மணிக்கு என் அக்கா மகளுக்கு இடுப்பைச் சுற்றிப் பிடித்தது. 10 நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிவைத்தாற்போல் வந்தது. மூன்று வாரமாகக் கதவோரம் தயாராக இருந்த பையைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்து ஓடினோம். பிரசவ வார்டில் வயிற்றில் இரண்டு பட்டையைக் கட்டிக் காகிதச் சுருளை ஓடவிட்டார்கள். மேலே ஓடும் கோடு குழந்தையின் இதயத் துடிப்பு, கீழே ஓடுவது கருப்பையின் இறுக்கம், குட்டிக் குட்டி மேடுகளாக. முதல் கால் மணி நேரம் மேடு ஒன்று ஏறும்போதெல்லாம் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மேடுகள் தாழ ஆரம்பித்தன. ஒரு மணி நேரத்தில் அந்தக் கோடு பேசாமல் படுத்தே விட்டது. பரிசோதித்துப் பார்த்த தமிழ்த் தாதி கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கருப்பை வாய் இன்னும் மூக்கு நுனி மாதிரி இருக்கும்மா, உதடு மாதிரி ஆகணும். வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா சீரகத் தண்ணீரோடு நிற்கிறார். "சூட்டு வலிதான், நான் அப்பவே சொன்னேன்." அவள் அதைக் குடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "சித்தி, இதை யாருதான் முடிவு பண்றது? நானா, பாப்பாவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ராத்திரி தூக்கம் போய்விட்டதால் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி ஆட்டுக் கொட்டகையில் நடந்த கதை.

முதலில் அந்தத் தேதி. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போடுவதுதான் அது. "பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்று யாராவது சொன்னால் ஒன்பது மாசம்தானே என்று திருத்துகிறவர்கள் உண்டு. 28 நாளை ஒரு மாதமாக வைத்து எண்ணிப் பாருங்கள், பத்து மாதம் சரியாக 280 நாள், பாட்டிகள் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் குறித்த அதே நாளில் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிலக்கை நம்பாமல், சிறுநீரில் ஹார்மோன் பார்த்துக் கருமுட்டை வெளிவந்த நாளையே கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணினார்கள். அப்படித் துல்லியமாக எண்ணியும், குறைமாதப் பிரசவங்களை ஒதுக்கிய பிறகும், மிகக் குறைந்த கர்ப்பகாலத்துக்கும் மிக நீண்டதற்கும் இடையே 37 நாள் வித்தியாசம். அதனால் 4 நாள் தாண்டியதெல்லாம் ஒரு தாமதமே இல்லை. இதை அந்த இரவில் அவளிடம் சொல்லியிருந்தால் தலையணை பறந்து வந்திருக்கும்.

சரி, ஆடு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சில மலைமேய்ச்சல் செம்மறியாடுகள் ஒற்றைக் கண்ணோடு குட்டி போட்டன. சில ஆடுகள் நாள் தாண்டியும் குட்டியே போடவில்லை, வயிற்றுக்குள் குட்டி பெருத்துக்கொண்டே போனது. சினையான 14ஆம் நாள் வாக்கில் ஆடு ஒரு குறிப்பிட்ட காட்டுச் செடியைத் தின்றால் கருவின் மூளை உருவாவதே கெட்டுப்போகிறது, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் அதோடு போகிறது என்று பின்னால் தெரிந்தது. அதாவது குட்டியின் தலைக்குள் ஏதோ ஒன்று இல்லாததால் தாய்க்குப் பிரசவம் வரவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்த மகப்பேற்று மருத்துவர் லிகின்ஸ் 1967இல் இதை நேரடியாகவே செய்து பார்த்தார்: வயிற்றுக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டியின் பிட்யூட்டரியை மட்டும் செயலிழக்கச் செய்தார். தாய்க்கு வலி வரவே இல்லை. அடுத்து அதைத் திருப்பிப் போட்டு, குட்டிக்குள் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் வகை மருந்தைச் செலுத்தினார், நாளாவதற்கு முன்பே பிரசவம் தொடங்கியது. ஆட்டைப் பொறுத்தவரை கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. குட்டிதான் முடிவு செய்கிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதன் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைக் கொட்டுகிறது, அது நஞ்சுக்கொடியில் ஒரு நொதியை எழுப்புகிறது, அந்த நொதி, கருப்பையை அமைதியாக வைக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனை, அதைச் சுருங்கத் தயாராக்கும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வழியைத் திறந்துவிடுகிறது.

மனிதர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். இல்லை. நம் நஞ்சுக்கொடியில் அந்த நொதி கிடையாது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிப்பதே புரோஜெஸ்ட்ரோன்தான். கருப்பை சுத்தமான தசைப்பை, அதன் சுபாவம் சுருங்குவது. ஒன்பது மாதம் அது சும்மா இருக்கிறது என்றால் யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பிடியை 1950களிலேயே ஹங்கேரியில் பிறந்த சாப்போ என்ற விஞ்ஞானி 'புரோஜெஸ்ட்ரோன் தடை' என்று விளக்கினார். ஆடு, எலி, முயல் எல்லாவற்றுக்கும் பிரசவத்துக்கு முன்னால் இரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் சடாரென்று இறங்கும். மனிதப் பெண்ணுக்கு இறங்குவதில்லை. வலி வந்து, கருப்பை வாய் முழுதாகத் திறந்து, குழந்தை வெளியே வரும் வரைக்கும்கூட அது உச்சத்திலேயே இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகுதான் சரிகிறது.

பிரேக்கில் கால் அப்படியே இருக்க வண்டி எப்படி நகர்ந்தது? இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது: ஹார்மோன் குறையவில்லை, அதைக் கேட்கும் காதுதான் மாறிவிட்டது. கருப்பைத் தசைக்குள் புரோஜெஸ்ட்ரோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு வகை, ஏ என்றும் பி என்றும் பெயர். பி வகை தசையை அமைதிப்படுத்தும். கடைசி வாரங்களில் ஏ வகை பெருகி, பி-யின் பேச்சை எடுபடாமல் செய்துவிடுகிறது. வீட்டில் அம்மா அதே குரலில்தான் கத்திக்கொண்டிருக்கிறார், பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான். இதற்கு ஒரு நல்ல சாட்சி மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்து. அது ஹார்மோனின் அளவைத் தொடாமல் ஏற்பியை மட்டும் அடைக்கிறது, அடைத்தால் கருப்பை வாய் இளகுகிறது, தசை சுருங்கத் தொடங்குகிறது.

ஹெட்போனை யார் மாட்டிவிட்டது என்று கேட்டால் கதை நஞ்சுக்கொடிக்குப் போகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். நம் மூளையில் சிஆர்எச் என்று ஒரு ஹார்மோன் உண்டு, மன அழுத்தம் வந்தால் சுரந்து, அட்ரினலிடம் கார்டிசால் கேட்கும். கார்டிசால் போதுமான அளவு வந்ததும் மூளை சிஆர்எச்சை நிறுத்திவிடும், தொட்டி நிரம்பினால் மிதவை எழும்பிக் குழாயை மூடுகிற மாதிரி. மனித நஞ்சுக்கொடியும் இதே சிஆர்எச்சைச் சுரக்கிறது, ஆனால் அதற்கு மிதவை இல்லை. கார்டிசால் கூடினால் சிஆர்எச் கூடும், சிஆர்எச் கூடினால் கார்டிசால் கூடும். எரிகிற கொள்ளியில் எண்ணெய். மாதங்கள் போகப் போக அளவு ஏறிக்கொண்டே வருகிறது. அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் ஒரு புரதம் தாயின் இரத்தத்தில் உண்டு, கடைசி வாரங்களில் அதுவும் குறைய, கட்டவிழ்ந்த சிஆர்எச் பாய்கிறது. 1995இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் ரோஜர் ஸ்மித் குழுவினர், கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே இந்த அளவு யாருக்கு வேகமாக ஏறுகிறதோ அவர்களுக்குச் சீக்கிரமும், மெதுவாக ஏறுகிறவர்களுக்குத் தாமதமாகவும் பிரசவம் ஆகும் போக்கைக் காட்டி, இதற்கு 'நஞ்சுக்கொடிக் கடிகாரம்' என்று பெயர் வைத்தார்கள். கடிகாரம் என்ற சொல் கொஞ்சம் மிகை என்பது என் எண்ணம். ஒரு பெண்ணின் இரத்தத்தை எடுத்து இன்ன தேதி என்று சொல்லும் அளவுக்கு அது துல்லியமாக ஓடுவதில்லை.

இந்த சிஆர்எச் குழந்தையின் அட்ரினலையும் தட்டி எழுப்புகிறது. பிறக்காத குழந்தையின் அட்ரினல் அதன் உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரிது, பிறந்த பிறகு சுருங்கிவிடும். அங்கிருந்து வருவது ஈஸ்ட்ரோஜனுக்கான மூலப்பொருள். மனித நஞ்சுக்கொடியால் அதைத் தானே தயாரிக்க முடியாது, குழந்தை மாவரைத்துக் கொடுக்க நஞ்சுக்கொடி தோசை வார்க்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் தசைகளில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, கருப்பையைச் சுருக்கும் ஹார்மோனான ஆக்சிடோசினுக்கான ஏற்பிகளைப் பல மடங்கு பெருக்குகிறது. இரண்டு, செல்லுக்கும் செல்லுக்கும் இடையே நுண்ணிய வழிகளைத் திறக்கிறது. அதுவரை ஒவ்வொரு தசைநாரும் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தேர்வடத்தைப் பத்துப் பேர் பத்து நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது, கை மட்டும் வலிக்கும். சூட்டு வலி அதுதான். வழிகள் திறந்ததும் மின்சமிக்ஞை கருப்பை முழுக்க ஓடி எல்லாரும் ஒரே மூச்சில் வடம் பிடிக்கிறார்கள். அக்கா மகளின் காகிதச் சுருளில் மேடுகள் படுத்துவிட்டதன் காரணம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

குழந்தையின் நுரையீரலும் இதில் குரல் கொடுக்கிறது. மூச்சுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது ஒரு வழவழப்பான பொருளைச் சுரக்கும். அதிலுள்ள ஒரு புரதம் பனிக்குட நீரில் கலந்து, அங்கிருக்கும் செல்கள் மூலம் கருப்பைக்கு "நான் மூச்சுவிடத் தயார்" என்று செய்தி அனுப்புவதாக 2004இல் டெக்சஸ் ஆய்வாளர்கள் எலியில் காட்டினார்கள். எலியில். மனிதரில் அது எவ்வளவு பங்கு என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை.

இனி நம் ஊர் சிங்கப்பூர்க் கதை. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். தேக்கா வட்டாரத்தில் மாடு கட்டிய காலத்தின் பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில், நாம் கேகே என்று சொல்லும் இடத்தில், 1966இல் மட்டும் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்து அது கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. அதே 1960களில் உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம் என்ற ஆய்வாளர், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செலுத்திப் பிரசவ வலியை வரவழைக்க முடியும் என்று 1968இல் காட்டியிருந்தார். இந்தப் பொருளைக் குழந்தையைச் சுற்றியிருக்கும் சவ்வுகளும் கருப்பையின் உட்பூச்சும் சுரக்கின்றன. கருப்பை வாயை இளக வைப்பதில் முதல் கை அதுதான். கர்ப்பம் முழுக்க அந்தச் சவ்விலேயே இன்னொரு நொதி இருந்து அதை அவ்வப்போது அழித்துக்கொண்டிருக்கும், காவல்காரன் மாதிரி. கடைசியில் காவல் தளரும். கரீம் அப்புறம் சிங்கப்பூருக்கு வந்து, பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னத்தின் மகப்பேற்றுத் துறையில் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்த குழுவின் தலைவராக ரத்னத்தைப் பலருக்குத் தெரியும், புரோஸ்டாகிளாண்டின் வேலையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இன்று நாள் தாண்டியவர்களுக்கு உள்ளே வைக்கும் புரோஸ்டின் மாத்திரை அந்தப் பரம்பரையில் வந்தது. கருப்பை வாயின் தசை கொஞ்சம்தான், பெரும்பகுதி கொலாஜன் நார். அந்த நார்களின் பின்னல் தளர்ந்து நீர் ஏறினால்தான் தாதி சொன்ன மூக்கு நுனி உதடாகும்.

ஆக்சிடோசினைக் கடைசியில் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான். பிரசவம் என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். ஹென்றி டேல் 1906இல் பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். டு விக்னியோ 1953இல் அதைச் செயற்கையாகத் தயாரித்து 1955இல் நோபல் வாங்கினார். சொட்டு மருந்தில் ஏற்றுவதும் அதே. ஆனால் வலி தொடங்குவதற்கு முன்னால் தாயின் இரத்தத்தில் அது பெரிதாக ஏறுவதில்லை. ஏற்பிகள்தான் ஏறுகின்றன. தொடங்கிய பிறகு குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த மூளை இன்னும் கொஞ்சம் விடுகிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தம், இன்னும் கொஞ்சம் ஆக்சிடோசின். ஓடும் வண்டிக்கு அது ஆக்சிலேட்டர். வாய் இளகாதவர்களுக்கு எடுத்த எடுப்பில் சொட்டு மருந்து ஏற்றாமல் முதலில் மாத்திரையோ பலூனோ வைப்பது இதனால்தான். "ஏன் இழுத்தடிக்கிறார்கள்" என்று வார்டு வாசலில் கோபப்படுகிற மாமாக்கள் கவனிக்க.

இவை தவிர கருப்பை விரிவதே ஒரு சமிக்ஞை. இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் 37ஆவது வாரத்தை ஒட்டி வந்துவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. வெள்ளை அணுக்கள் கருப்பை வாய்க்குள் படையெடுப்பதும் உண்டு, உண்மையில் பிரசவம் ஒருவகை அழற்சிதான், கிருமி இல்லாத அழற்சி. கிருமி வந்தாலும் அதே பாதை திறந்துகொள்ளும், குறைமாதப் பிரசவத்துக்குத் தொற்று ஒரு பெரிய காரணமாக இருப்பது அப்படி.

ராத்திரியில்தான் வலி எடுக்கும் என்பது வெறும் பேச்சு இல்லை. இருட்டில் சுரக்கும் மெலடோனின், ஆக்சிடோசினோடு சேர்ந்தால் மனிதக் கருப்பைத் தசை செல்கள் கூடுதலாகச் சுருங்குவதை 2009இல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பௌர்ணமிக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தம் என்பதோ எண்ணிப் பார்த்தபோது நிற்கவில்லை. அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை நிலவோடு பொருத்திப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை.

அப்புறம் விளக்கெண்ணெய். அக்கா சீரகத்தோடு நிறுத்தவில்லை, மறுநாள் காலை தேக்காவில் வாங்கி வைத்திருந்த புட்டியை எடுத்துவிட்டார். பழங்கதை என்று நான் சிரித்தேன், படித்த பிறகு சிரிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். விளக்கெண்ணெயிலிருந்து குடலில் பிரியும் ரிசினோலியிக் அமிலம், புரோஸ்டாகிளாண்டினுக்கான ஏற்பிகளில் ஒன்றைப் பிடித்துக் குடலையும் கருப்பையையும் சுருங்க வைக்கிறது என்று 2012இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலியில் நிரூபித்தார்கள். பாட்டி மருந்துக்கு உண்மையிலேயே ஒரு சாவி இருக்கிறது. ஆனால் எத்தனை சொட்டு எவ்வளவு இழுக்கும் என்று யாராலும் அளந்து கொடுக்க முடியாது, கருப்பை தயாராகவில்லை என்றால் நிச்சயமாக நடப்பது வயிற்றுப்போக்கு ஒன்றுதான். நிறைமாதத்தில் வாந்தியும் பேதியுமாக நீர்ச்சத்து போனால் அதைச் சரிக்கட்ட வேறு ஒரு படுக்கை வேண்டும். டாக்டரிடம் கேட்காமல் வீட்டில் கொடுக்காதீர்கள். புட்டியை நான் வாங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன், அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றால், குறைமாதத்தில் வலி வந்த ஒருத்திக்கு இன்று மருத்துவர்கள் செய்யக்கூடியதைப் பாருங்கள். நிஃபெடிபின், அட்டோசிபன் போன்ற மருந்துகளால் சுருக்கத்தைப் பெரும்பாலும் 48 மணி நேரம்தான் தள்ளிப்போட முடிகிறது. பூட்டு எதுவென்று தெரியாததால் கதவைத் தோளால் தாங்கி நிற்கிறோம். அந்த 48 மணி நேரத்துக்குள் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியும் லிகின்ஸின் கொட்டகையிலிருந்து வந்ததே: கார்டிசால் ஏற்றிய ஆட்டுக்குட்டி ஒன்று நாளாவதற்கு வெகு முன்பே பிறந்து, செத்துப்போயிருக்க வேண்டியது, மூச்சுவிட்டது. அவரும் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் அதைச் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். பிரசவத்தைத் தொடங்குவது எது என்று தேடப் போனவருக்கு, சீக்கிரம் பிறந்துவிடும் பிள்ளைகளைக் காப்பாற்றும் மருந்து கிடைத்தது.

2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 63 கர்ப்பிணிகளின் இரத்தத்தைக் கடைசி மாதங்களில் திரும்பத் திரும்ப எடுத்து, ஆயிரக்கணக்கான புரதங்களையும் வேதிப்பொருட்களையும் நோய் எதிர்ப்பு செல்களையும் ஒன்றாக அளந்தது. வலி தொடங்குவதற்குச் சராசரியாக 23 நாள் முன்னால் எல்லாமே சேர்ந்து திசை மாறுவது தெரிந்தது. கர்ப்பத்தைக் காப்பதிலிருந்து முடித்துவைப்பதற்கு உடம்பு அன்றைக்கே திரும்பிவிடுகிறது. அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: ஒருத்தர் முடிவு இல்லை, நஞ்சுக்கொடி ஏற்ற, பாப்பா கூட்ட, அவள் உடம்பு செவிசாய்ப்பதை நிறுத்த, வாரக்கணக்கில் பேசி முடிக்கிறார்கள்.

அதற்கு அடுத்த மூன்றாவது இரவு மறுபடி வலி, இந்தத் தடவை காகிதத்தில் மேடுகள் படுக்கவில்லை. விடியற்காலை 5:20க்குப் பையன். வார்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி நாட்காட்டியில் 23 நாள் பின்னோக்கிப் போனேன். சனிக்கிழமை. தேக்காவுக்கு எல்லாருமாகப் போயிருந்தோம், அவள் வெயிலைத் திட்டிக்கொண்டே மாங்காயில் உப்புமிளகாய் தொட்டுச் சாப்பிட்டாள், கால் வீங்கிச் செருப்பு கடிக்கிறது என்று என் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அன்று வேறெதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.